நீல டேப்புக்கு அந்தப் பக்கம்

அவர் பெயரை எழுத எனக்கு மனம் வரவில்லை. எழுதக்கூடாது என்று யாரும் தடுக்கவும் இல்லை. ஒரு காலத்தில் அந்தப் பெயர் முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானவர்களின் ஃபோன்களில் போய் விழுந்துகொண்டிருந்தது. அதுவே ஜாஸ்தி. இங்கேயாவது அவர் பெயரில்லாமல் இருந்துவிட்டுப் போகட்டும்.

பீளமேட்டில் மூடிப்போன ஒரு மில்லுக்குப் பின்னால், மூன்றாவது மாடியில் எங்கள் ஆபீஸ். பெட்ஷீட், துண்டு, தலையணை உறை எல்லாம் ஆன்லைனில் விற்கிற கம்பெனி. சரக்கு சென்னிமலையிலிருந்து வரும். அதை விற்பதற்கு மெயில் எழுதி அனுப்புவது எங்கள் பிரிவின் வேலை. மேடம் என்று நான் கூப்பிடுகிற அவர் எழுதுவார், நான் அதற்குப் படம் போட்டு அழகுபடுத்துவேன். காலேஜ் முடித்த கையோடு வந்த பிள்ளைகள் நிறைந்த அந்த ஆபீஸில் நாற்பதைத் தாண்டியவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அதனாலேயே எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து ஸீட் கொடுத்திருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

டீ சொல்ல அவரை அனுப்பினால் டீ வராது. கீழே கடையில் போய் நின்று, "ஏனுங்ணா, நல்லா இருக்கீங்களா? ஊட்ல எல்லாரும் சௌரியமுங்களா?" என்று ஆரம்பிப்பார். கேட்டுவிட்டு விடமாட்டார். பதில் வரும்வரை நிற்பார். டீ மாஸ்டருக்கு மாமியாரோடு பெரிய வழக்கு இருந்தது. அது முழுவதையும் அவர் கேட்டு முடிப்பதற்குள் பின்னால் வந்த நாலு பேர் வாங்கிக் குடித்துவிட்டுப் போயிருப்பார்கள். வெறுங்கையோடு மேலே வந்து, "பாவமுங்க அந்த மனுசன்" என்பார்.

நம் ஊர்க்காரர்கள் எல்லோருமே மரியாதைக்காரர்கள்தான். அடிக்க வருகிறவன்கூட "ஏனுங்க, அடிச்சுப்போடுவேனுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அடிப்பான். ஆனால் இவருடையது அதையும் தாண்டியது. ஒரு நாள் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏனுங்க, வேலையா இருக்கீங்களா?"

"இல்லைங்க மேடம், சொல்லுங்க."

"ஒண்ணுமில்லைங்க. நீங்க முடிச்சுப்போட்டே வாங்க. தொந்தரவு பண்றனோ என்னமோ."

"பரவாயில்லைங்க, என்னங்க?"

"அந்த காபி அடுப்புப் பக்கம் பொகை வர்ற மாதிரி இருக்குதுங்க. எனக்குத்தான் அப்படித் தெரியுதோ என்னமோ, நீங்க ஒரு எட்டு பார்த்தீங்கன்னா..."

நான் போய்ப் பார்த்தபோது அடுப்பின் வயர் எரிந்து சுவர் பாதிவரை கறுத்துவிட்டிருந்தது. நான் சத்தம் போட்டேன். "மனுசனைக் கேட்டுப்போட்டுத்தானுங்க காரியத்தைப் பேசோணும், எடுத்த எடுப்புல எப்படிங்க தீன்னு சொல்றது" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நூறு தடவையாவது கேட்டிருப்பேன். மனுசனைக் கேட்டுப்போட்டுத்தான் காரியத்தைப் பேசோணும்.

இன்னொன்றும் உண்டு. தப்பு யார் செய்தாலும் வெட்கப்படுவது இவராக இருக்கும். எங்கள் டீம் லீடர் சரக்கு அனுப்புகிறவரிடம் ஃபோனில் "நான் பெங்களூர்ல இருக்கேண்ணா" என்று ஸீட்டில் உட்கார்ந்தபடி அளந்துவிடுவான். உடனே இவர் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். அவன் பேசி முடிக்கும்வரை உள்ளே வரமாட்டார். வந்தபிறகும் கொஞ்ச நேரம் தலை நிமிராது. பொய் சொன்னவன் ஜாலியாகச் சமோசா தின்றுகொண்டிருப்பான்.

அந்த டீம் லீடர் கெட்ட பையன் இல்லை. கோபிசெட்டிபாளையத்துப் பக்கத்துப் பையன். கெட்டிக்காரன். அவனுக்குச் சப்ஜெக்ட் லைன்தான் உயிர். மெயில் வந்ததும், திறப்பதற்கு முன்னால் கண்ணில் படுகிற ஒற்றை வரி இருக்கிறதே, அது. "உள்ளே நீங்க என்ன வேணா எழுதுங்க அக்கா, எவனும் படிக்கப்போறதில்லை. அந்த ஒரு வரியில விழுந்தா உண்டு" என்பான். அந்த வரிக்கு எத்தனை நீளம் என்பதில் அவனுக்குப் பெரிய ஆராய்ச்சி. ஃபோனில் கொஞ்சம்தான் தெரியும், மிச்சத்தை மூன்று புள்ளி வைத்து வெட்டிவிடும். தமிழ் எழுத்துக்கு அகலம் ஜாஸ்தி, இன்னும் சீக்கிரம் தீர்ந்துபோகும். ஆபீஸில் இருந்த அத்தனை பேர் ஃபோனையும் வாங்கிப் பார்த்து, அவர் மானிட்டரில் நெட்டுக்குத்தலாக ஒரு நீல டேப்பை ஒட்டிவைத்தான்.

"இந்த டேப்புக்கு இந்தப் பக்கம் இருக்கறதுதான் அக்கா உயிரோட இருக்கும். அந்தப் பக்கம் போனதெல்லாம் செத்துச்சு. முக்கியமானதை முதல்ல போடுங்க."

பாவம், அவருக்கு அதுதானே வராது. முக்கியமானதை அவர் பிறந்ததிலிருந்து கடைசியில்தான் சொல்லிப் பழக்கம். பெட்ஷீட் என்று ஆரம்பிக்க அவருக்குக் கூசியது. "யாரு என்னன்னு ஒரு வார்த்தை கேக்காம பெட்ஷீட் வாங்குன்னு சொன்னா நல்லாவா இருக்குதுங்க?" என்று என்னிடம் முனகுவார். எழுதிப் பார்ப்பார், டேப்பைத் தாண்டும். வெட்டுவார். வெட்டியதில் "நல்லா இருக்கீங்களா" போய்விட்டதென்று மறுபடி சேர்ப்பார். பெட்ஷீட் மறுபடி டேப்புக்கு அந்தப் பக்கம் போய்விடும்.

ஒரு பண்டிகைக்கு முன்னால் போட்டி வைத்தோம். பாதிப் பேருக்கு ஒரு வரி, பாதிப் பேருக்கு இன்னொரு வரி அனுப்பி எதை அதிகம் பேர் திறக்கிறார்கள் என்று பார்ப்பது எங்கள் வழக்கம். டீம் லீடர் எழுதியது, "பெட்ஷீட் பாதி விலை. இன்று மட்டும்." சுருக்கமாக, டேப்புக்கு உள்ளே கச்சிதமாக நின்றது. இவர் எழுதியது இது: "ஏனுங்க, நல்லா இருக்கீங்களா? ரொம்ப நாளா நம்ம கடைப்பக்கம் காணோமேன்னு கேட்டேனுங்க, புது டிசைன் பெட்ஷீட் வந்திருக்குதுங்க."

"அக்கா, இது சப்ஜெக்ட் லைனா கல்யாணப் பத்திரிகையா?" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டேதான் அனுப்பினார்கள்.

சாயங்காலத்துக்குள் அவர் வரி ஜெயித்துவிட்டது. கொஞ்சநஞ்சமல்ல, அவன் வரி பக்கத்தில் நிற்கமுடியாத அளவுக்கு. எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். கேக் வந்தது. அவர் முந்தானையை இழுத்து இழுத்துவிட்டுக்கொண்டு, "மரியாதையாக் கேட்டா யாருதானுங்க தொறக்காம போவாங்க" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

டீம் லீடர்தான் சரியாகப் புரிந்துகொண்டான். அவர் மானிட்டரில் அந்த வரியை வைத்து டேப்பைத் தட்டிக் காட்டினான். டேப்புக்கு இந்தப் பக்கம் "ஏனுங்க, நல்லா இருக்கீங்களா? ரொம்ப நா" என்பதோடு நின்றிருந்தது. "பார்த்தீங்களா அக்கா? கடை, பெட்ஷீட் எதுவுமே தெரியலை. யாரோ சொந்தக்காரங்க கேக்கறாங்கன்னு நெனச்சுத் தொறந்திருக்காங்க. வெட்டுப்பட்ட எடந்தான் ஜெயிச்சிருக்கு."

அவர் முகம் எப்படிப் போனது என்று எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. கையிலிருந்த கேக்கை அப்படியே பேப்பர் தட்டில் வைத்துவிட்டார்.

மறுநாளிலிருந்து பதில் மெயில்கள் வர ஆரம்பித்தன. விளம்பர மெயிலுக்கு யாரும் பதில் போடமாட்டார்கள். இதற்குப் போட்டார்கள். திருப்பூரிலிருந்து ஒருவர், "மூட்டு வலிதானுங்க, மத்தபடி பரவால்ல. நீங்க யாருன்னு நெனவு வரலையே கண்ணு" என்று எழுதியிருந்தார். பொள்ளாச்சியிலிருந்து ஒரு அம்மா மகன் கல்யாணம் தட்டிப்போன கதையைப் பத்து வரிக்கு எழுதியிருந்தார். "யாரும்மா நீ" என்று அதட்டியவர்களும் உண்டு. யாரும் அவற்றைச் சட்டை செய்யவில்லை. இவர் மட்டும் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினார். மூட்டு வலிக்காரருக்கு முடக்கத்தான் கீரையைச் சிபாரிசு செய்தார். "விடுங்க மேடம், இது உங்க வேலையா" என்றேன். "கேட்டது நானுங்களே, பதில் சொன்னா காதுல வாங்காம போக முடியுங்களா?" என்றார்.

அதன்பிறகு டீம் லீடருக்கு அந்த வெட்டுதான் வேதம். வரி எங்கே வெட்டுப்படும் என்று பார்த்துப் பார்த்து, அந்த இடம்வரைக்கும் சொந்தமும் அன்பும், அதைத் தாண்டிப் பெட்ஷீட் என்று வரிகளை அளந்து வைத்தான். அனுப்புகிறவர் பெயரையும் மாற்றினான். கம்பெனி பெயரைப் பார்த்தால் திறக்கமாட்டார்கள், ஒரு பெண் பெயர் இருந்தால் திறப்பார்கள் என்று அவர் பெயரையே போட்டுவிட்டான். பல மாதங்களாக எதுவும் வாங்காமல் இருக்கிறவர்களுக்கென்று தனியாக ஒரு மெயில் தயாரானது. அதற்கு அவர் எழுதிய வரியில் அவன் கொஞ்சம் கைவைத்தான். கடைசியில் இப்படி வந்து நின்றது: "ஏனுங்க, உங்களைக் காணாம மனசே சரியில்லைங்க, நீங்க வாங்கின பெட்ஷீட்டுக்கு ஜோடி வந்திருக்குதுங்க." டேப், "சரியில்லைங்க"வை அடுத்து இருந்தது.

"தம்பி, இது பொய் இல்லைங்களா?" என்று கேட்டார்.

"முழுசாப் படிச்சா எங்கக்கா பொய் இருக்கு? பெட்ஷீட்டுன்னு போட்டிருக்கில்ல?"

அவருக்கு எதிர்த்துப் பேச வராது. பால்கனிக்குப் போனார். திரும்பி வந்து, அதைப் பார்த்தும் வாங்காமல் விட்டவர்களுக்குச் சில நாள் கழித்துத் தானாகவே போவதற்கான இரண்டாவது மெயிலையும் எழுதிக் கொடுத்தார். அவர் வீட்டுக்காரர் அப்போது வேலையில்லாமல் இருந்தார். அது எனக்கும் தெரியும், டீம் லீடருக்கும் தெரியும்.

பெருந்துறையிலிருந்து ஒரு பெண் எழுதிய மெயில் வந்தது அடுத்த வாரத்தில்தான். அதை அவர் படித்துவிட்டு மானிட்டரை என் பக்கம் திருப்பினார்.

அந்தப் பெண்ணின் அப்பா தவறிப்போய்க் கருமாதியும் முடிந்துவிட்டது. அவர் ஃபோனை அம்மா சார்ஜ் போட்டு வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். விஷயம் தெரியாமல் யாராவது கூப்பிட்டால் சொல்லவேண்டுமே என்று. பூட்டைத் திறக்க விரலால் இழுக்கும் கோலம் அம்மாவுக்குத் தெரியாது. அப்படி இருக்கையில் பூட்டிய ஃபோனில் அந்த வரி வந்து நின்றிருக்கிறது. மேலே ஒரு பெண்ணின் பெயர். கீழே, ஏனுங்க, உங்களைக் காணாம மனசே சரியில்லைங்க. அதோடு மூன்று புள்ளி. எங்கள் பக்கத்தில் 'ஏனுங்க' என்று யாரும் யாரையும் கூப்பிடலாம்தான். ஆனால் ஒரு பெண் ஓர் ஆளை அப்படிக் கூப்பிட்டுவிட்டு, காணாமல் மனசு சரியில்லை என்றும் சொன்னால் அவள் யாராக இருப்பாள் என்று எந்தப் பெண்டாட்டிக்கும் தோன்றும். அந்த அம்மா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. புருஷன் படத்துக்கு விளக்கு வைப்பதை நிறுத்திவிட்டார். சாப்பாடும் இறங்கவில்லை. மகள் துருவித் துருவிக் கேட்டபிறகுதான் ஃபோனைக் காட்டியிருக்கிறார். அப்பாவுக்கு அந்த மெயில் கணக்கை ஆரம்பித்துக் கொடுத்ததே மகள்தான். அவள் தன் ஃபோனில் திறந்து முழு மெயிலையும், பெட்ஷீட் படத்தையும் காட்டினாள். அம்மா நம்பவில்லை. "என்னைத் தேத்தறதுக்கு நீ எதையோ காட்டறே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம்.

கடைசி வரியில் அந்தப் பெண், "எங்கப்பாவைப் பத்தி எங்கம்மா இப்படி நெனச்சுட்டே மிச்சக் காலத்தைத் தள்ளணுமா? நீங்களே சொல்லுங்க" என்று கேட்டிருந்தாள்.

பெட்ஷீட் படம் நான் போட்டது. எனக்கு அங்கே உட்காரவே கூசியது. விஷயம் முதலாளிவரை போனது. பதில் எதுவும் போடவேண்டாம், அந்த முகவரியை லிஸ்டிலிருந்து எடுத்துவிட்டால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். டீம் லீடர் முகமும் வெளிறித்தான் போயிருந்தது. அவனே உட்கார்ந்து லிஸ்டிலிருந்து எடுத்தான்.

"எடுத்தாச்சு அக்கா. இனி போகாது."

அவர் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. என்னிடம், "ஏனுங்க, நாளைக்கு உங்களுக்கு வண்டி எடுக்கத் தோதுப்படுங்களா?" என்றார்.

"எங்கேங்க?"

"துக்கம் கேக்கப் போகோணுமுங்க."

எனக்குப் புரிந்தது. நம் பக்கம் ஒரு சாவு காதில் விழுந்துவிட்டால் போய்க் கேட்டே ஆகவேண்டும். கேள்விப்பட்டும் போகாதவனை அந்த வீடு தலைமுறைக்கும் மறக்காது. தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம், தெரிந்தபின் வழியில்லை. ஆனாலும் எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பெயருள்ள பெண்ணே நேரில் போய் வாசலில் நின்றால் அந்த அம்மா என்ன நினைப்பார்? சந்தேகம் தீருமா, உறுதியாகுமா?

"மேடம், லேப்டாப்பை எடுத்துக்கலாமுங்க. எத்தனை பேருக்குப் போச்சுன்னு காட்டினா நம்புவாங்க."

"எழவு கேக்கற ஊட்டுக்கு லேப்டாப்பு தூக்கிட்டுப் போவாங்களாங்க?" என்றார். அவர் என்னிடம் கோபமாகப் பேசியது அது ஒரு தடவைதான்.

பூ வைக்காமல், சாதாரண நூல் சேலையில் வந்தார். வழி நெடுக உதடு அசைந்துகொண்டிருந்தது. எப்படிச் சொல்வது என்று சொல்லிப் பார்க்கிறார் என்று நினைத்தேன். நல்லா இருக்கீங்களா என்று கேட்கமுடியாத வீடு. எதை முன்னால் வைத்து இவர் ஆரம்பிப்பார் என்று எனக்கு ஒரே கவலையாக இருந்தது.

பழைய ஆர்டரில் இருந்த முகவரியைத் தேடிப் போனோம். பெருந்துறை தாண்டி, தொழிற்பேட்டைக்குப் போகிற வழியில் ஒரு சின்ன வீடு. வெளியே ஆம்பிளைகள் உட்காரப் பிளாஸ்டிக் சேர்கள் போட்டிருந்தன. எல்லாம் காலி. எழவு வீட்டு வழக்கப்படி யாரும் எங்களை வாங்க என்று சொல்லவில்லை. நான் கதவோரம் ஒரு சேரில் உட்கார்ந்தேன். கதவு திறந்திருந்ததால் உள்ளே எல்லாம் தெரிந்தது. மாலை போட்ட படம், அதன் கீழே ஒரு விளக்கு, எரியவில்லை. பக்கத்தில் சார்ஜ் வயரோடு ஃபோன்.

அந்த அம்மா சுவரில் சாய்ந்து பாயில் உட்கார்ந்திருந்தார். இவர் எதிரே உட்கார்ந்து, வழக்கப்படி இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். யாரோ சொந்தமென்று அந்த அம்மாவும் கையைக் கொடுத்தார். வாசலிலேயே நாங்கள் யாரென்று கேட்டுத் தெரிந்துகொண்ட மகள் அப்போது மெதுவாக, "அம்மா, அந்த மெயில் அனுப்புனவங்க இவங்கதான்" என்றாள்.

அந்த அம்மா கையை வெடுக்கென்று உருவிக்கொண்டார். இவர் முகத்தைப் பார்த்தார். சேலையைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார்.

இவர் எதையும் சுற்றி வளைக்கவில்லை.

"உங்க ஊட்டுக்காரரை எனக்குத் தெரியாதுங்க" என்றார்.

இத்தனை வருஷத்தில் முக்கியமானதை முதலில் சொல்லி நான் அவரைக் கேட்டதில்லை.

"தெரியாமத்தான் காணாம மனசு சரியில்லைன்னு எழுதுனீங்களா?"

"ஆமாங்க. பெட்ஷீட் விக்கறதுக்கு எழுதுனதுங்க."

"அவருக்கா?"

"வாங்காம நின்னுபோன எல்லாருக்குமுங்க. ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரே நேரத்துல போகுமுங்க. நான் கையால அனுப்பறதுகூட இல்லைங்க, மெஷினே அனுப்பும். அவரு பேருகூட உங்க பொண்ணு எழுதின பின்னாலதானுங்க எனக்குத் தெரியும்."

அந்த அம்மா நம்பினாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு எதிர்பாராத ஒன்றைக் கேட்டார்.

"அப்ப அவரை யாருமே தேடலீங்களா?"

அந்த அம்மாவே தொடர்ந்தார்.

"வேலையை உட்டு ஒரு வருசமாச்சுங்க. இருந்த எடத்துல அத்தன பேரு சினேகம். ஒருத்தரும் கூப்பிடலை. நானும் போனை வெச்சுட்டே உக்காந்திருக்கேன். உங்களுது ஒண்ணுதான் வந்துச்சு. ஆத்திரமா வந்துச்சுங்க, எவடி இவள்னு. அந்த ஆத்திரத்துலயும், ஒருத்தியாச்சும் மனுசனைக் காணோமேன்னு கேக்கறாளேன்னு..." அதற்கு மேல் சொல்லாமல் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

இவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. வாசலைத் தாண்டி எங்கேயாவது ஓடிப்போய்விடலாம் போல இருந்தது. நாங்கள் செய்கிற தொழிலை நினைத்து நான் அவமானப்பட்ட நாள் அதுதான். பெட்ஷீட் விற்பது தப்பில்லை. இந்த அம்மாவுக்கு ஒரு பொய்யான ஆறுதலைக் கொடுத்ததும் நாங்கள்தான், நேரில் வந்து அதைப் பிடுங்கியதும் நாங்கள்தான்.

இவர் கேட்டார். "அவரு எப்படிங்க இருப்பாரு?"

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். பிறகு பேச ஆரம்பித்தார். சிரிக்கவே மாட்டார், சிரித்தால் வாயைப் பொத்திக்கொள்வார். சோற்றில் கடைசியாகத் தயிரை ஊற்றி உப்புக்கல்லைக் கடித்துக்கொள்வார். மகள் கல்யாணத்துக்குச் சீர் பெட்ஷீட்டை அவரே ஃபோனில் தேடித்தேடிப் பொறுக்கினார், பச்சைதான் வேண்டும் என்று நின்றார். இவர் உம் கொட்டிக்கொண்டு கேட்டார். டீக்கடையில் நிற்பதுபோலவே, அவசரமில்லாமல். மகள் காபி கொண்டுவந்து வைத்தாள். அந்த அம்மாவும் ஒரு வாய் குடித்தார். அம்மா குடித்ததை மகள் எனக்குக் கண்ணால் காட்டினாள்.

அப்போது படத்துக்குப் பக்கத்தில் ஃபோன் வெளிச்சமாகி ஒரு சத்தம் கொடுத்தது.

மகள் போய்ப் பார்த்தாள். பார்த்த இடத்திலேயே நின்றுவிட்டாள். அவள் நின்ற விதத்திலேயே எனக்கு என்னவென்று தெரிந்துபோயிற்று. லிஸ்டிலிருந்துதான் எடுத்திருக்கிறான். தானாகப் போகிற இரண்டாவது மெயிலை நிறுத்தவேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

"என்ன கண்ணு, கொண்டா" என்று அந்த அம்மா கையை நீட்டினார். மகள் தயங்கித் தயங்கிக் கொடுத்தாள்.

மேலே இவர் பெயர்தான். கண்ணாடியில்லாமல் ஃபோனைத் தள்ளிப் பிடித்து, எழுத்துக்கூட்டி அவர் வாய்விட்டுப் படித்தார்.

"ஏனுங்க... எம்மேல... கோவமுங்களா... ஒரு பதிலும் இல்..."

அதோடு வரி வெட்டுப்பட்டிருந்தது. எதிரே உட்கார்ந்திருக்கிற பெண், கையில் பிடித்த ஃபோனுக்குள்ளிருந்து தன் புருஷனிடம் கோபமா என்று கேட்டிருக்கிறாள். அந்த அம்மா ஃபோனைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், மறுபடி ஃபோனைப் பார்த்தார்.

"மீதி என்னங்க?" என்றார்.

இவர் குனிந்த தலை நிமிரவில்லை. கைகளை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டிருந்தார். அடுத்தவன் பொய்க்கே எழுந்து பால்கனிக்குப் போகிறவர், அந்தப் பாயைவிட்டு அசையவில்லை. எழுதிய அவருக்கு அது மனப்பாடம்.

"ஒரு பதிலும் இல்லையே, ரெண்டு பெட்ஷீட் எடுத்தா ஒரு தலகாணி உறை இலவசமுங்க" என்று சொன்னார். குரல் தேய்ந்திருந்தாலும் ஒரு வார்த்தைகூட விடாமல் சொன்னார்.

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதானுங்க."

அந்த அம்மா ஃபோனைப் பாயில் கவிழ்த்து வைத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து படத்தின் முன்னால் போய் நின்றார். என்ன சொன்னாரோ, முணுமுணுப்பாகத்தான் கேட்டது. பிறகு மகள் பக்கம் திரும்பாமலே, "கண்ணு, அந்தத் தீப்பெட்டியை எடு" என்றார்.